கொக்கிக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம்

பழைய கவரிங் நகையைத் தேடித் தேடி வாங்குகிறவளை ஊர் என்ன சொல்லும்? ஓசூர் சிப்காட்டில் குவாலிட்டி செக்கிங் வேலை பார்க்கும் ஜீனத்தையும் அதையேதான் சொன்னது. வாங்கியதைப் போட்டுக்கொள்ளவும் மாட்டாள். கொக்கியைத் திருப்பி, பின்னால் குத்தியிருக்கும் முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். செய்தவர் யார் என்று கடை கடையாக விசாரிப்பாள். எட்டு வருஷமாக இதே பிழைப்பு.

அவளிடமிருந்த நான்கு அட்டிகைகள் ஒரே அச்சு, ஒரே சிவப்புக் கல். முத்திரைதான் வேறு வேறு: மீன், பூ, பிறை, நட்சத்திரம். நட்சத்திரம் பர்கூர் கங்கப்பனுடையது என்று போன மாதம்தான் தெரிந்தது. மனிதர் செத்து இருபது வருஷம். மகள் சாந்தம்மா சிங்காரப்பேட்டையில் இருந்தார்.

“எங்கப்பா கைபட்டது ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல கண்ணு. கண்ணால பாத்தாப் போதும்” என்று போனிலேயே அழுதார். நட்சத்திர அட்டிகையை அவருக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தாள் ஜீனத்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தால் நகைப்பெட்டி பளபளவென்றிருந்தது. கணவர் தஸ்தகீர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“விருந்தாளி வர்றாங்க, எல்லாம் கறுத்துக் கெடக்குதேன்னு பாலிஷ் போட்டு வாங்கியாந்தேன். எப்படி இருக்குது?”

எது எந்த முத்திரை என்று அவள் எழுதிக் கட்டியிருந்த சீட்டுகள் ஒன்றும் இல்லை. கொக்கிகளைத் திருப்பினாள். பட்டறைக்காரன் முத்திரைகளைப் பிசிறு என்று நினைத்து அரத்தால் ராவித் தள்ளி, மேலே முலாமும் ஏற்றியிருந்தான்.

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கத்த வரவில்லை. “நல்லாருக்குங்க” என்றாள். பல் பிடுங்குமுன் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது.

மறுநாள் சாந்தம்மா இரண்டு பஸ் மாறி வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. “எது கண்ணு எங்கப்பாது?”

நான்கும் ஒன்றுபோல மின்னின. ஜீனத்தின் கை ஒன்றை எடுத்தது. “இதுதாங்க்கா. நீங்களே வெச்சுக்கங்க.”

சாந்தம்மா அதைத் திருப்பி, கொக்கியைக் கட்டைவிரலால் தடவினார். “நட்சத்திரம் வெப்பாரே, காணமே?”

“தேஞ்சு போச்சுங்க்கா.”

சாந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “தேயற அளவுக்கா போட்டிருக்காங்க! யாரோ மகராசி, கழட்டவே இல்ல பாரேன்.” அட்டிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு ஜீனத் வீடு திரும்பினாள்.

“அந்தம்மாவுக்கு எவ்ளோ சந்தோஷம் பாத்தியா? பாலிஷ் போட்டது நல்லதாப் போச்சு” என்றார் தஸ்தகீர்.

“ஆமாங்க.”

மிச்சமிருந்த மூன்றையும் பெட்டியில் வைத்தாள். அவற்றில் ஒன்று கங்கப்பனுடையதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். லென்ஸை அவள் எடுக்கவே இல்லை.