தீவுக்கு எது, கரைக்கு எது

வாக்கெடுப்பின் முடிவைக் காலை ஏழு மணிச் செய்தியில் சொன்னபோது குன்வோர் முறுகல் ரொட்டியின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தாள். ஹெஸ்டெய் தீவு மக்கள் லூர்விக் நகராட்சியிலிருந்து பிரிந்துபோவதென்று தீர்மானித்துவிட்டார்கள். குன்வோரும் அந்தத் தீவில் பிறந்தவள்தான். அவளோடு பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேர் அந்நேரம் வாசலில் கொடி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அவளோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாதி சீவிய கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லூர்விக் நகர மன்றத்தின் அடித்தளத்தில் ஒரு குளிர்ந்த அறை. அதில் ஆறு இரும்புப் பெட்டிகள். அந்த ஆறுக்குள் அறுபத்தொரு மெய்நிகர் சர்வர்கள், ஒவ்வொன்றும் தான் ஒரு தனி இயந்திரம் என்று எண்ணிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடங்களின் வருகைப் பதிவு, குடிநீர்க் குழாய்களின் அழுத்தம், முதியோர் வீட்டுச் சமையல் பட்டியல், குழந்தைகள் நலப் பிரிவின் கோப்புகள், எல்லாம் அவற்றில்தான். அவற்றைப் பார்த்துக்கொள்வது குன்வோரின் வேலை. சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் தீவையும் எதிர்க்கரையிலிருக்கும் லூர்விக்கையும் ஒரே நகராட்சியாக்கியபோது, இரண்டு ஊர்ச் சர்வர்களையும் ஒன்றாக்கியவள் அவள். அதற்கு மூன்று வருடம் பிடித்தது. ஒரே பெயரில் கரையில் ஒருத்தியும் தீவில் ஒருத்தியும் இருந்தார்கள் என்பதற்காக, ஒருத்தியின் பல் வைத்தியச் சீட்டு இன்னொருத்தியின் வீட்டுக்குப் போய், அதைச் சரிசெய்யவே ஒரு வசந்தகாலம் போனது. இப்போதுதான், கடந்த ஆறு மாதமாகத்தான், யாரும் அவளைக் கூப்பிடாமல் இருந்தார்கள்.

ஆணையர் பெர்ன்ட்-ஈவார் அன்று பத்து மணிக்கே கூட்டம் போட்டார். பிரிவினை ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வரும், கையில் பத்து மாதம் இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். கணினி விஷயம்தான் இருப்பதிலேயே சுலபம் என்று அவருக்குப் பட்டது.

"எல்லாத்தையும் இன்னொரு காப்பி எடுத்து அவங்க கையில குடுத்துடு. அவங்களுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு."

குன்வோர் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். அப்படிக் காப்பி எடுத்தால் கரையிலிருக்கும் குழந்தைகளின் நலக் கோப்பு முழுக்கத் தீவு அலுவலகத்தில் இருக்கும். தீவிலிருக்கும் நோயாளிகளின் விவரமெல்லாம் இங்கே கிடக்கும். சட்டப்படி இரண்டுமே குற்றம். ஒவ்வொரு சர்வராகத் திறந்து, ஒவ்வொரு வரியாக இது யாருடையது என்று கேட்டுத்தான் பிரிக்க முடியும். ஆணையர் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு, சரி, அதை இந்த வாரத்துக்குள் செய்ய முடியுமா என்று கேட்டார்.

தலைநகர் ஆஸ்லோவிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். ஒரு பெரிய வட்டத்திலிருந்து இரண்டு சின்ன வட்டங்களுக்கு அம்புக்குறி போட்டுத் திரையில் காட்டினார். அந்த அம்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று குன்வோர் கேட்டாள். அதை உள்ளூர் ஆட்கள்தான் நிரப்ப வேண்டும் என்றார். உள்ளூர் ஆட்கள் என்றால் அவள் ஒருத்திதான். அறுபத்தொரு வரிசைகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து, எது யாருக்கு என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்லி எல்லாத் துறைகளுக்கும் அனுப்பினாள். மூன்று வாரத்தில் ஒரே ஒரு பதில் வந்தது. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று நூலகத்திலிருந்து எழுதியிருந்தார்கள். நடைவழியில் பார்ப்பவர்களெல்லாம் அவளிடம் கேட்டது வேறு கேள்வி: நீ எந்தப் பக்கம் போகப்போகிறாய்?

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வரவேற்பறைப் பெண் கீழே தொலைபேசியில் கூப்பிட்டாள். குதிரை ஏற்றும் வண்டியோடு ஒருவர் வந்து நிற்கிறார், குன்வோரைத்தான் கேட்கிறார் என்றாள். மேலே போய்ப் பார்த்தால் ஹால்டோர். தீவின் இடைக்கால மேயர். ஒன்பதாம் வகுப்புவரை அவளுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். வண்டிக்குள் இரண்டு கம்பளங்கள் விரித்து, கட்டுவதற்குக் கயிறும் போட்டு வைத்திருந்தான்.

"எங்க மெஷினுங்கள எடுத்துட்டுப் போக வந்தேன்," என்றான். "சேரும்போது பதினாலு குடுத்தோம். கணக்கு எங்கிட்ட இருக்கு."

"ஹால்டோர், அந்தப் பதினாலும் எப்பவோ பழைய இரும்புக்குப் போயாச்சு."

"யாரக் கேட்டு?"

"உங்க ஊரு மன்றத்தக் கேட்டுத்தான். கையெழுத்துப் போட்டவங்கள்ல நீயும் ஒருத்தன்."

அவன் நம்பவில்லை. வாயால் சொல்லி ஆகாது என்று அவனை அடித்தளத்துக்கே கூட்டிப்போனாள். பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த ஆறு பெட்டிகளையும் அவன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் குனிந்து பின்பக்கமும் பார்த்தான்.

"இதுல எது எங்களுது?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் மாறும். இப்ப மூணாவதுல இருக்கறது சாயங்காலம் அஞ்சாவதுல இருக்கும்."

"என்னைக் கேனயன்னு நெனச்சியா?"

"உன்ன அப்படி நெனக்கல. ஆனா இதையே இந்தக் கட்டடத்துல நாப்பது பேருக்குச் சொல்லிட்டேன். ஒருத்தருக்கும் ஏறல."

அடுத்த படகுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வெறும் வண்டியோடு திரும்பிப்போய்ப் படகுத்துறையில் நிற்க அவனுக்கும் கூச்சமாக இருந்திருக்கும். குன்வோர் காபி ஊற்றிக்கொடுத்து, அந்தப் பட்டியலை அவன் முன்னால் போட்டாள். கோபத்தில்தான் போட்டாள். ஆனால் ஹால்டோர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரிசையிலிருந்து படிக்கத் தொடங்கினான். அதை முழுதாகப் படித்த முதல் ஆள் அவன்தான். முப்பத்தெட்டாவது வரிசையில் விரல் நின்றது.

"இந்த அபாய மணின்னா, கையில கட்டிக்கிற பொத்தானா? எங்கப்பா கட்டியிருக்காரே, அதுவா?"

அதுதான் என்றாள். தீவில் நூற்றுப்பன்னிரண்டு பேர் அந்தப் பொத்தானைக் கட்டியிருந்தார்கள். யார் அழுத்தினாலும் செய்தி இந்தச் சர்வருக்கு வரும், இது செவிலியரைக் கூப்பிடும்.

"ஜனவரி ஒண்ணாந்தேதி அவரு குளியலறையில விழுந்து அழுத்துனா, யாரு எடுப்பாங்க?"

"அதத்தான் மூணு மாசமா எல்லாரையும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவன் அதற்கப்புறம் மெஷின் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வேலை நகர்ந்தது. ஹால்டோர் வாரம் ஒருமுறை படகேறி வந்து உட்கார்ந்தான். ஆணையரைப் போய்ப் பார்த்து, கரைப்பக்கத்துக்கும் ஓர் ஆளைக் கொடுக்க வைத்தான். அதற்காகச் சண்டை ஓய்ந்துவிடவில்லை. நீச்சல் குள முன்பதிவு சர்வரில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று தீவு கேட்டது. தீவில் குளமே கிடையாது. பிள்ளைகள் வியாழக்கிழமைதோறும் கரைக்கு வந்துதான் நீந்துகிறார்கள். குளம் இல்லாதவர்களுக்கு முன்பதிவு எதற்கு என்று கரை கேட்டது. அந்த ஒரு வரிசைக்கு ஐந்து கூட்டம். ஆறாவது கூட்டத்தில் குன்வோர், அந்தச் சர்வரை நிறுத்திவிட்டு இனிமேல் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். பத்து நிமிடத்தில் உடன்பாடு வந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமைக் காலை, தீவின் அபாய மணியைத் தனிச் சர்வருக்கு மாற்றினாள். சோதித்துப் பார்க்காமல் விட அவளுக்கு மனமில்லை. ஹால்டோர் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரையும் பொத்தானை அழுத்தச் சொன்னான். குன்வோர் திரையின் முன் உட்கார்ந்து, செய்தி வந்து சேரச் சேர பட்டியலில் பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்தாள். போகிற வீட்டிலெல்லாம் அவனுக்கு வாஃபிள் அப்பம் சுட்டுக் கொடுத்ததால் நேரம் இழுத்தது. பன்னிரண்டரைக்கு அவன் எட்வின் என்கிற கிழவரின் வீட்டிலிருந்து கூப்பிட்டான்.

"அழுத்திட்டாரு. வந்துச்சா?"

வரவில்லை. இன்னொரு முறை அழுத்தச் சொன்னாள். மூன்றாவது முறையும் வரவில்லை. எரிச்சலோடு பழைய சர்வரைத் திறந்தாள். மூன்று செய்திகளும் அங்கே வரிசையாக நின்றன. கரையிலிருக்கும் ஒரு காலி வீட்டின் முகவரியோடு. ஊர்களைச் சேர்த்த வருடம் எட்வினின் பொத்தான் எண்ணைத் தவறாக அடித்தது யார் என்று பார்த்தாள். பதிவில் அவள் பெயர்தான் இருந்தது. இத்தனை வருடம் அவர் விழுந்திருந்தால் செவிலியர் போய் அந்தக் காலி வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். ஆணையர்மேலும் ஆலோசகர்மேலும் ஒன்பது மாதமாகச் சேர்த்துவைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"தப்பு என்னோடது," என்றாள். "திருத்திட்டேன். மறுபடி அழுத்தச் சொல்லு."

"கை வலிக்குதாம்."

"கடைசித் தடவன்னு சொல்லு. அப்புறம் நானே வந்து மன்னிப்புக் கேக்குறேன்னும் சொல்லு."

வந்தது. அடுத்த வாரமே படகேறிப் போய் மன்னிப்பும் கேட்டாள். எட்வின் அவளுக்கும் ஒரு வாஃபிள் கொடுத்து, மணியைப் பற்றி ஒன்றும் பேசாமல், அவள் அம்மாவின் ஆடுகளைப் பற்றியே பேசி அனுப்பினார்.

ஜனவரி முதல் தேதி எதுவும் நிற்கவில்லை. யாரும் அவளுக்கு நன்றி சொல்லவுமில்லை. நின்றிருந்தால்தானே அவர்களுக்குத் தெரியும். தீவு நிர்வாகம் சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று இரண்டு முறை விளம்பரம் செய்தது. இரண்டு முறையும் ஒருவரும் மனுப் போடவில்லை. பிப்ரவரியில் இரண்டு மன்றங்களும் பேசி, தீவின் சர்வர்களையும் லூர்விக்கே பராமரிக்கும் என்று ஒப்பந்தத்துக்கு வந்தன. ஆணையர் அதை இனிப்பான செய்தி போலச் சிரித்துக்கொண்டே கீழே வந்து சொன்னார்.

"இப்ப உனக்கு நிம்மதி. எல்லாத்தையும் பழையபடி ஒண்ணா சேத்துடு."

குன்வோர் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"சேக்க மாட்டேன். அதே பெட்டியில வச்சுக்கறேன், ஆனா தனித்தனியாத்தான் இருக்கும். நடுவுல சுவரு இருக்கும்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் ஒரு தாளை எடுத்து எழுதினாள். இனி இந்தச் சர்வர்களைச் சேர்ப்பதென்றாலும் பிரிப்பதென்றாலும், மன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் அடித்தள அறைக்கு வந்து, பட்டியலை முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் வாக்களிக்க வேண்டும் என்று. அதை ஒப்பந்தத்தோடு பின்னிணைப்பாகக் கோத்து அனுப்பினாள்.

இரண்டு மன்றங்களும் மறுநாளே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டன. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒருவரும் அதைப் படிக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. தாளைக் கோப்பில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலே போய் மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.