இருமிய இடமெல்லாம் வெட்டிய நாடகம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அக்கா. கேட்கவில்லை, சொன்னாள். "டேய், கண்டதையெல்லாம் எழுதுற இல்ல? நல்லா இருந்த நாடகத்த எப்படிக் கெடுத்தாங்கன்னு எழுதேன்."

முதல் தொடக்கம்: 'மேடையில் இருள் கவிந்திருந்தது. அந்த இருளுக்குள் ஒரு பெண்ணின்...' வேண்டாம். அக்காவுக்கு இந்த மாதிரி இருளெல்லாம் பிடிக்காது.

2

அது ஓர் இசை நாடகம், அக்காதான் கதாநாயகி. அரங்கேற்றத்துக்கு முன்னால் ஊர்க்கோடியில் ஒரு சின்ன அரங்கில் வெள்ளோட்டக் காட்சிகள் போட்டார்கள். முதல் காட்சிக்கு நான் போயிருந்தேன். இரண்டாம் பாதியில் நாயகியின் கணவன் இறந்துவிடுகிறான். கொடியில் காய்ந்த அவன் சட்டைகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாக மடிக்கிறாள். வசனம் இல்லை, இசை இல்லை. கடைசிச் சட்டையை மடித்த பிறகுதான் பாடத் தொடங்குவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு தடவை செருமினேன். லேசில் அழுகிற ஆள் இல்லை நான். (இந்த வரியை அடிக்கச் சொன்னாள் என் மனைவி. அடிக்கவில்லை.)

3

இயக்குநருக்கு ஒரு பழக்கம். வெள்ளோட்டத்தின்போது மேடையைப் பார்க்கமாட்டார். கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்து, கூட்டம் எங்கே இருமுகிறது என்று கேட்பார். இருமினால் சலிப்பு, சலித்தால் வெட்டு. சட்டை மடிக்கும்போது நாலைந்து பேர் இருமினார்கள். அடுத்த காட்சியில் பாதிச் சட்டைகளைக் காணோம். அதற்கடுத்து மௌனத்துக்குள் டிரம்ஸ் புகுந்தது. அப்போது பாட்டுக்கும் இருமினார்கள். பாட்டைக் குறைத்தார். கடைசியில் சட்டையே இல்லை, துக்க வீட்டுக்குள் ஒரு கூட்டம் வந்து ஆடியது.

"அது சலிப்பு இல்ல சார். அழுகைய அடக்குறவங்களும் தொண்டையச் செருமத்தான் செய்வாங்க. ஒரு தடவ கண்ணத் தொறந்து பாருங்க," என்றாள் அக்கா.

"இத்தன வருஷமா இந்தக் காத நம்பித்தாம்மா பொழைக்கிறேன்," என்றார் அவர்.

கெட்டவர் இல்லை, பயந்தவர்.

4

பயந்தவரை வைத்துக்கொண்டு கதையை எப்படி நகர்த்துவது? வில்லனாக்கிப் பெரிய மீசையெல்லாம் வைத்தேன். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், கொட்டாவி விட்டாள். அந்தப் பத்தியை வெட்டினேன். மறுபடி வாசித்தேன், போனை எடுத்துப் பார்த்தாள். இன்னும் வெட்டினேன். கடைசிப் பிரதியில் அக்காவே இல்லை.

"மொதல்ல எழுதினதே நல்லா இருந்துச்சே," என்றாள் மனைவி.

"கொட்டாவி விட்டியே!"

"பகல் பூரா வேலை பாத்தவளுக்குக் கொட்டாவி வராதா?"

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ஆகவே முதல் பிரதியைத்தான் வாசிக்கிறீர்கள், மீசையை மட்டும் மழித்திருக்கிறேன். இனி நீங்கள் கொட்டாவி விட்டாலும் ஒரு வரி நகராது.

5

அரங்கேற்றம். பெரிய அரங்கு, நிறைந்த கூட்டம்.

முடிவு ஒன்று: எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். (கூச்சமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: மறுநாளே அக்காவுக்குப் பதில் வேறொருத்தி... (நடக்கக் கூடியதுதான். அக்காவுக்கும் தெரியும்.)

தெரிந்தேதான் டிரம்ஸ் வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்: "நான் தலையாட்டுற வரைக்கும் குச்சியத் தொடாதீங்கண்ணே. வேலை போனா எனக்குத்தான் போகும்." டிரம்ஸ் கேட்டால்தான் ஆடுகிறவர்கள் உள்ளே வருவார்கள். நாடகச் சட்டைகளை மூட்டைகட்டிவிட்டதால், அத்தானின் சட்டைகள் அத்தனையையும் ஒரு கூடையில் அள்ளி வந்திருந்தாள். அத்தான் வீட்டில் பனியனோடு, கோபமாக இருந்தார்.

அவள் முதல் சட்டையை உதறி மடிக்கிறாள். டிரம்ஸ் இல்லை. யாரோ இருமுகிறார்கள். கடைசி வரிசையிலிருந்து இயக்குநர் எழுந்து, மேடைக்குப் பின்னால் போகும் கதவை நோக்கி விறுவிறுவென்று நடக்கிறார். அக்கா அவரைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே, நிதானமாக, அடுத்த சட்டையை எடுக்கிறாள்.

அவர் கதவைத் தள்ளினாரா, திரும்பி மேடையைப் பார்த்தாரா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கூடையில் இன்னும் சட்டைகள் இருக்கின்றன. அவள் மடித்து முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தையும் எழுதுவதாக இல்லை.