நாலு வினாடி

கிரேன் ஓட்டுநருக்குப் படுக்கையில் இருப்புக் கொள்ளவில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர், காலையிலிருந்து மல்லாந்து கிடக்கிறார். மார்பில் ஐந்து ஒயர். இடுப்பில் ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி. போன வாரம் கிரேன் கூண்டில் கண் இருட்டியதை வாய் தவறி மனைவியிடம் உளறியதன் பலன்.

"எப்பவும் போல நடமாடத்தானே டாக்டர் சொன்னாரு?" என்றாள் மனைவி.

"படி ஏறினா படபடன்னு அடிக்கும். மெஷின் போட்டுக் குடுத்துடும். பேஸ்மேக்கர் வெச்சுட்டா அப்புறம் கிரேன் பக்கமே விடமாட்டாங்க."

"நல்லா இருக்குங்க, மெஷினுக்கே டிமிக்கி!"

ஜன்னல் கம்பிகளை எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். விரல்கள் போர்வைக்கடியில் இல்லாத லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தன. மத்தியானம் மூன்று பத்துக்குக் கண் இருட்டி, ஒன்பது கம்பியும் காணாமல் போய்த் திரும்ப வந்தன. பயமாக இருந்தது. டாக்டர் கொடுத்த குறிப்புத் தாளில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார்.

மறுநாள் டாக்டர் காகிதத்தை விரித்தார். அலையலையாய் ஓடிய கோடு ஓரிடத்தில் நேராகக் கிடந்தது.

"மூணு பத்து. நாலு செகண்ட் இதயம் நின்னிருக்கு. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மாதான் படுத்திருந்தேன்."

"அதனாலதான் மாட்டியிருக்கு. ஓடியாடிட்டு இருந்திருந்தா தெரியாமலேகூடப் போயிருக்கும்."

கள்ளத்தனம் பண்ணியும் இந்தக் கதி!

"மாத்திரை ஏதாவது குடுங்களேன்."

"வேகமா அடிச்சா மாத்திரை குடுக்கலாம். அடைப்புன்னா ஸ்டென்ட் வைக்கலாம். உங்களுது நின்னு நின்னு ஓடுது. பேஸ்மேக்கர்தான் வழி."

"மறுபடி கிரேன்ல ஏறலாமா?"

"அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"அப்போ வேற டாக்டரைப் பாத்துக்கறேன்."

கதவைப் படீரென்று திறந்தார். வராந்தாவில் காத்திருந்த கூட்டாளி எழுந்தான். பன்னிரண்டு வருடமாக இவர் தூக்கும் கம்பிக்கட்டுக்குக் கீழே நின்று கை காட்டுபவன். பழக்க தோஷம், இப்போதும் கையைத் தூக்கிக்கொண்டே வந்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இவர் மனசுக்குள் எண்ணி முடிப்பதற்குள் அவன் நேர் எதிரில் வந்து நின்றுவிட்டான்.

"என்னண்ணே, நாளைக்கு ஏறலாமா?"

"இல்லடா. கீழ நீ நிக்கிறியே."

திரும்பிப் போய் டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"என்னைக்கு வைக்கிறீங்க?"