சாயப்பட்டறைக்கு இன்னொரு ஆள்

குப்புராஜ் பொடி கலக்கும்போது சாயப்பட்டறைக்குள் ஈ, காக்கை இருக்கக் கூடாது. உதவியாட்களை வெளியே அனுப்பி, கதவுக்குத் தாழ் போட்ட பிறகுதான் தராசைத் தொடுவான். தொழிலைக் காட்டிக்கொடுத்தால் சோற்றுக்கு அலைய வேண்டியதுதான் என்று அவனுடைய மாமனார் காதில் ஓதிவிட்டுப் போயிருந்தார். ஆரணியில் அந்தப் பட்டறையை நடத்திய நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர்தான் முதல் சாயக்காரர்.

அரக்கும் மயில்கழுத்துப் பச்சையும் குப்புராஜ் கைக்கு வந்த மாதிரி வேறு யார் கைக்கும் வரவில்லை என்பது நிஜம்தான். சங்கம் அதில் சுகமாகக் குளிர் காய்ந்தது. இன்னொரு ஆளைப் பழக்கி வைப்போமே என்று வந்த தலைவர்களில் ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே! நன்றாக உழைக்கிற மாட்டைச் செக்கை விட்டு அவிழ்ப்பார்களா என்ன?

எண்பத்துமூன்றாம் வருஷம் இருமல் ஆரம்பித்தது. அமில ஆவியும் அடுப்புப் புகையும் நெஞ்சைத் தின்றிருந்தன. வேலூர் டாக்டர் பூசி மெழுகவில்லை. பட்டறையை விட்டு வெளியே வராவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துச் சங்கத்தில் சூப்பர்வைசர் வேலை காலியானது. வீடு வீடாகப் போய்த் தறிகளைப் பார்வையிடும் வேலை. நல்ல காற்றையாவது சுவாசிக்கலாம். அவன் மனைவி அபிதகுசாம்பாளுக்கு உயிர் வந்தது.

"சாமி வழி காட்டிட்டாரு. ஜல்தியா போய்த் தலைவரைக் கேளுங்க" என்று துரத்தினாள்.

தலைவர் பலராமன் கெட்டவர் அல்ல. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார்.

"உனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு இல்ல குப்புராஜ். நீ வந்துட்டா சாயம் யாரு போடறது? ஒரு ஆளைக் காட்டு, இன்னிக்கே ஆர்டர் போடறேன்."

குப்புராஜுக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை. வீரபாகு என்று ஒருவன் இருந்தான். முன்பு குப்புராஜிடம் உதவியாளாக இருந்தபோது, "ஒரே ஒரு தபா நின்னு பாத்துக்கறேண்ணா" என்று கெஞ்சினவன். "அடுப்பைப் பாருடா" என்று குப்புராஜ் விரட்ட விரட்ட, வெறுத்துப்போய் நூல் ஸ்டோருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். அங்கிருந்து சங்கம் அவனைச் சூப்பர்வைசர் பயிற்சிக்கு அனுப்பியது. ஸ்டோருக்கு ஆள் கிடைப்பது கஷ்டமா என்ன?

சூப்பர்வைசர் வேலையும் அந்த வீரபாகுவுக்கே போனது.

"தலையில நானே மண்ணை வாரிப் போட்டுகினேன்" என்றான் குப்புராஜ் வீட்டில். அபிதகுசாம்பாள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது யாருக்காவது கத்துக்குடுங்களேன்" என்றாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. உயிர்ப் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் தராசை எடுத்ததும், வழக்கப்படி வெளியே கிளம்பிய சின்னதுரையை நிறுத்தினான். அண்டாவுக்கு விறகு தள்ளுகிறவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"போவாத. கிட்ட வந்து பாரு. எல்லாத்தையும் சொல்லித் தரேன்."

விளையாடுகிறாரோ என்று சின்னதுரை முகத்தைப் பார்த்தான். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"வேணாங்கண்ணா."

"ஏன்டா? சம்பளம் கூட வரும்."

"வரும். அப்புறம் என்னையும் இங்கருந்து வுட மாட்டாங்க. நீங்க இருமறதைத் தெனம் கேட்டுகினுதானே இருக்கறேன்? வீரபாகுகிட்ட ஸ்டோருக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கறேண்ணா. கோவிச்சுக்காதீங்க."

திட்ட வேண்டும் போல் இருந்தது. அவன் சொன்னதில் பிசகு இருந்தால் அல்லவா திட்டலாம்? வாசலில் தறிக்காரர்கள் நூலுக்குக் காத்திருந்தார்கள். குப்புராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கொதிக்கிற அண்டாவின் மேல் குனிந்தான்.