காதைத் தொட்டால் வலது மூலை

சலூன்காரருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வைத்தது யாரோ, அவன் வாயில் சர்க்கரை போட வேண்டும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், இரவு அதை இறக்கும்போதுதான் மூடும். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்து ஓடவா முடியும்? கேட்டுத்தான் ஆக வேண்டும். பேச்சில் முக்கால்வாசி மகனைப் பற்றியது. பத்து வயதில் விளையாட்டு விடுதிக்குப் போன பையன் இன்று நாட்டின் கால்பந்து அணியில் எட்டாம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிறான், அதுவும் பல நாடுகள் மோதும் கோப்பையின் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டான். பெற்றவர் பேசாமல் வேறு யார் பேசுவது?

பேசட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எங்கே பேசுவது என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா?

இறுதி ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு டிவிக்காரர்கள் கேமராவோடு கடைக்கு வந்தார்கள். மைக் பிடித்த பெண் வாய்க்கு வாய் "சார், சார்" என்று கூப்பிட்டதில் ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க பையன் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பார்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியலையாமே சார்?"

"யாராலயும்னு சொல்லாதீங்கம்மா. என்னால முடியும்."

அதோடு நிறுத்தினாரா? சீப்பைக் கீழே வைத்துவிட்டு நடித்தே காட்டினார். "ஓடி வர்றதுக்கு முன்னாடி சில நேரம் காதைத் தொடுவான், இந்தா இப்படி. தொட்டான்னா வலது மூலைதான், தரையோட தரையா. எத்தனை ஆட்டம் பார்த்திருக்கேன்! அவனுக்கே தெரியாதும்மா இது."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களும் இத்தனை வருஷமாக இதே கடையில்தானே அவன் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள்.

அன்று சாயங்காலமே பேட்டி ஒளிபரப்பானது. ரேடியோ மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய மச்சினன் உள்ளே நுழைந்தான். எலக்ட்ரீஷியன், எதையும் யோசித்துத் தொடுகிறவன்.

"மாமா, இதை நாம மட்டுமா பார்க்கிறோம்? அந்த டீம் கோல்கீப்பரும்தானே பார்ப்பான்?"

ரேடியோ சட்டென்று டிவியை அணைத்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா உங்களுக்கு? ஊரான் கதையைப் பேசினாலும் பரவாயில்ல. பெத்த பிள்ளையை இல்ல காட்டிக்கொடுத்துட்டு வந்து நிக்கிறீங்க!"

மகனுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆட்டம் முடியும்வரை எல்லாப் பையன்களின் போனையும் கோச் வாங்கி வைத்துக்கொண்டாராம். அணியின் அலுவலகத்துக்குப் பேசினார். எடுத்த பெண், "வாழ்த்துச் செய்தியா சார்? சொல்லுங்க, சேர்த்துடறோம்" என்றாள். வாய் வரை வந்துவிட்டது, காதைத் தொடாதே என்று சொல்லுங்கள் என. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அத்தனை கூட்டத்துக்கு நடுவில் பந்தை நினைக்க வேண்டியவன் தன் கையையல்லவா நினைத்துக்கொண்டு நிற்பான்? அப்பன் செய்த கூத்துக்கு அவன் கால் ஏன் தடுமாற வேண்டும்? "நல்லா ஆடச் சொல்லுங்கம்மா" என்று வைத்துவிட்டார். வாழ்நாளில் அவர் பேசிய போன்களில் அதுதான் சிறியதாக இருக்கும்.

மறுநாளிலிருந்து கடையில் கத்தரி சத்தம் மட்டும்தான். வாடிக்கையாளர்கள் பயந்துபோனார்கள். "உடம்புக்கு ஏதாவதா?" என்று ஒருவர் கேட்டார். "வீட்டுல சண்டையா?" என்று இன்னொருவர். ரேடியோ பதில் சொல்லாமல் வெட்டியதில் ஒருவருக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் போனது. மனதுக்குள் ஒரே எண்ணம்தான் அரித்தது. இந்தக் கோப்பை கைவிட்டுப் போனால், ஊர் உலகம் பையனைத்தான் திட்டும். தோற்கடித்தது நான் என்று பையனுக்கு மட்டும் தெரிந்துவிடும். அப்புறம் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ரேடியோ கடைக்குக் கிளம்பினார். அவருக்கு ஆட்டம் என்றாலே கடைதான். நீளமான சிறிய கடை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதைப் பார்த்தபடி நாற்காலிகள், எதிர்ச்சுவரில் பெஞ்ச், பெஞ்சுக்கு மேலே டிவி. பெஞ்சில் இருப்பவர்களும் சரி, நாற்காலியில் இருப்பவரும் சரி, கழுத்தைத் திருப்பாமல் எதிரே கண்ணாடிக்குள் ஓடும் ஆட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அவரும் வெட்டிக்கொண்டே நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பார். கை வேலையில் இருந்தால் பயம் கொஞ்சம் மட்டுப்படும் என்று நினைத்தார்.

மனைவி கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாளாவது வீட்டுல உட்கார்ந்து பாருங்க. என்ன வந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம்."

முன்னறையில் அக்கம்பக்கத்துச் சனம் அடைந்து கிடந்தது. ரேடியோவை டிவிக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். கூடுதல் நேரத்திலும் அதே கதை. கடைசியில் அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே வந்து நின்றது. பெனால்டி. எதிரணி ஐந்தையும் அடித்து முடித்துவிட்டது, இரண்டு வீண். நம்மவர்கள் நான்கு அடித்ததில் ஒன்று வீண். பாக்கி ஒன்று. அடித்தால் கோப்பை. எட்டாம் நம்பர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தது.

மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பெனால்டி என்றால் அவள் என்றைக்கும் பார்த்ததில்லை.

கோல்கீப்பர் பந்தைப் பார்க்கவில்லை. பையனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவி, பேட்டியைப் பார்த்திருக்கிறான்! 'தொடாதேடா, தொடாதே' என்று ரேடியோ முணுமுணுத்தார். பையனின் கை மெல்ல மேலே போனது. காதைத் தொட்டது.

"போச்சு" என்றார் ரேடியோ.

பையன் ஓடி வந்தான். கீப்பர் ஒரு நொடிகூடத் தயங்காமல் பாய்ந்தான், ரேடியோ ஊருக்கே சொன்ன அதே வலது மூலைக்கு. பந்து இடது மூலையில் தரையோடு தரையாகப் போய் வலையில் விழுந்தது.

கூரை பிய்த்துக்கொண்டு போகும் சத்தம். மச்சினன் அவரைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். "மாமா! வேணும்னேதானே மாத்திச் சொன்னீங்க? எங்ககிட்டயும் சொல்லாம எவ்வளவு அழுத்தம் பாருங்க!" அறை முழுக்க அவர் மூளையைப் புகழ்ந்தது. மனைவி கண்ணீரோடு சிரித்தாள்.

ரேடியோவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவர் மாற்றிச் சொல்லவில்லையே! டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். காது, இடது மூலை. காது, இடது மூலை. போன ஆட்டத்தில் அடித்த பெனால்டியையும் காட்டினார்கள். அதிலும் காது, இடது மூலை. அதை அவர் கடையில் இரண்டு கண்ணாலும் பார்த்தாரே, பந்து வலது பக்கம் போனதே! அப்போதுதான் உறைத்தது. கடையில் அவர் டிவியை எங்கே பார்த்தார்? கண்ணாடியையல்லவா பார்த்தார். வலது இடதாக, இடது வலதாக.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தினால் வாடிக்கை போய்விடும் என்று ஒரு மைதானத்துக்கும் அவர் போனதில்லை. பிள்ளை வளர்ந்ததை அடுத்தவன் தலைக்கு மேலாகக் கண்ணாடியிலேயே பார்த்து முடித்திருக்கிறார்.

போன் அடித்தது. மகன். பின்னால் ஒரே கூச்சல்.

"அப்பா! அந்தக் கீப்பர் வந்து, உங்கப்பா என்னைக் கவுத்துட்டாருன்னு சொல்லிச் சிரிக்கிறான்! இப்பதான் பேட்டியைப் பார்த்தேன். நான் காதைத் தொடுவேன்னு எனக்கே தெரியாதுப்பா, கோச்சுக்கும் தெரியாது. அதைப் பார்த்து வச்சு, மாத்தியும் சொல்லி... என்ன மூளைப்பா உங்களுக்கு!"

அறை மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும் கடையில் சொல்லிச் சொல்லி மகிழலாம். ரேடியோ போனோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நான் யாரையும் ஏமாத்தலடா. எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன்."

"அப்புறம் எப்படிப்பா?"

"உன் ஆட்டத்தை எல்லாம் கடைக் கண்ணாடியிலதான்டா பார்த்திருக்கேன். எல்லாம் பக்கம் மாறித் தெரிஞ்சிருக்கு, எனக்குப் புத்தியில ஏறல. இன்னைக்குத்தான் நேரா உட்கார்ந்து பார்த்தேன்."

மறுமுனையில் கூச்சல் குறைந்தது. எங்கேயோ ஒதுங்கிப் போயிருக்க வேண்டும்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நீ வலது காலால அடிக்கிறடா" என்றார் ரேடியோ. குரல் உடைந்துவிட்டது. "இடதுன்னு நெனச்சிட்டிருந்தேன். சின்னதுல வலதுதானே, கோச் மாத்திவிட்டிருப்பார்னு நானா நெனச்சுக்கிட்டேன். அப்பனுக்குப் பிள்ளையோட கால்கூடத் தெரியல பாரு."

மகன் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் நம்ம பக்கமே ஆட்டம் இருக்குப்பா" என்றான். "ஆனா ஞாயித்துக்கிழமை. உங்களுக்குக் கடையில கூட்டமா இருக்குமே."

"இருந்துட்டுப் போகுது போ" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ஊர்ல எல்லாருக்கும் ஒரு வாரம் முடி வளரட்டும்."