சாப்பிடுகிற இடம்

என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு எல்லாமே சட்டென்று வந்துவிடும். தையல் வந்தது, சைக்கிள் வந்தது, இப்போது இங்கிலீஷும் வருகிறது. எனக்கு எரிச்சல் மட்டும்தான் வருகிறது.

அவளை அந்த வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சலவைக் கடையில் வேலை, பின்பக்கம் இஸ்திரி மேசையில். நான் எட்டு வருஷமாக அந்த ஆவியில் வேகிறேன். அவள் நேற்று வந்தவள். முன்பக்கக் கவுண்ட்டரில் இருந்த பெண் வேலையை விட்டுப் போகிறாள். அங்கே நாற்காலி உண்டு, ஏசி உண்டு, கை பொத்துப் போகாது. எங்களில் ஒருத்தியை அங்கே போடுவதாக மேனேஜரம்மா சொல்லியிருந்தார். ஆனால் இங்கிலீஷ் வேண்டும். துணியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் பேங்க் எங்கே, மருந்துக் கடை எங்கே என்று கேட்பார்கள், வழி சொல்ல வேண்டுமாம்.

வகுப்பு சாயங்காலம், நூலக மாடியில். டீச்சருக்கு நம் பாஷை ஒரு சொல் தெரியாது. சுவரில் ஒரு ஊர்ப்படத்தை மாட்டிவிட்டு, குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்பார்: “வேர் இஸ் த போஸ்ட் ஆபீஸ்?” நான் ‘நெக்ஸ்ட் டு’வையும் ‘ஆப்போசிட்’டையும் போட்டுக் குழப்பி, போஸ்ட் ஆபீஸைக் கொண்டுபோய் ஆற்றுக்குள் நிறுத்துவேன். வகுப்பே சிரிக்கும். அவள் எழுந்து, பிறந்ததிலிருந்து அந்தப் படத்துக்குள்ளேயே குடியிருந்தவள் மாதிரி கடகடவென்று சொல்லுவாள். டீச்சர் “வெரி குட், வெரி குட்” என்று உருகிப்போவார். எனக்கு வயிறு எரியும்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் வேறு.

“தம்பி பொண்டாட்டி ஃபோன்ல என்னமா இங்கிலீஷ் பேசுது! நீயும் கூடத்தானே போற?”

“ஆமா, போறேன். அவளுக்கு வழித்துணைக்கு,” என்றேன். அன்றைக்கு அவர் காப்பியில் நான் சர்க்கரை போடவில்லை.

ஒருநாள் அவள் குழந்தைக்குக் காய்ச்சல், வகுப்புக்கு வரவில்லை. அன்றைக்குப் பார்த்து டீச்சர் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்றில் கட்டிலும் மெத்தையும். இன்னொன்றில் தட்டும் ஸ்பூனும். நம் ஆட்கள் நாலு பேரும் தட்டைப் பார்த்து, “ஹோட்டல்! ஹோட்டல்!” என்று கத்தினோம். நமக்குச் சாப்பிடப் போகிற இடமெல்லாம் ஹோட்டல்தானே. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். கட்டிலைத் தொட்டு ‘ஹோட்டல்’ என்றார், தட்டைத் தொட்டு ‘ரெஸ்டாரன்ட்’ என்றார். வாய் வலிக்கச் சொல்லவைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை என்னிடம் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “அக்கா, இன்னிக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க?” என்றாள்.

“எல்லாம் பழசுதான்டி. பேங்க், பார்க், ஹோட்டல்.”

“ஹோட்டல்னா சாப்பிடற இடம்தானே?”

“பின்ன என்ன?” என்றேன்.

ஆமாம், சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதது என்று ஒரே ஒரு வார்த்தை எனக்கு இருக்கக் கூடாதா?

அடுத்த வாரம் மேனேஜரம்மா எங்கள் இரண்டு பேரையும் கவுண்ட்டருக்குக் கூப்பிட்டார். முதலில் அவளைக் கேட்டார். பேங்க், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், எல்லாவற்றுக்கும் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னாள். கடைசியாக மேனேஜரம்மா வயிற்றைத் தடவிக்காட்டி, “ஐயாம் ஹங்க்ரி. வேர் கேன் ஐ ஈட்?” என்றார்.

“கோ டு ஹோட்டல், மேடம். ஹோட்டல் இஸ் ஆப்போசிட் த பேங்க்!”

மேனேஜரம்மாவின் புருவம் ஏறியது. சரி தப்பு எதுவும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிவிட்டார். நானும் பேங்க், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் என்று தட்டுத் தடுமாறி ஒப்பேற்றினேன். அதே கடைசிக் கேள்வி எனக்கும் வந்தது.

வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாளே. சொன்னால் எனக்கு முன்னாலேயே தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நாற்காலி போச்சு. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. என் முழங்கையை இடித்து, மெதுவாகச் சொன்னாள்:

“ஹோட்டல்க்கா. ஹோட்டல்னு சொல்லுங்க.”

அடிப்பாவி! போட்டிக்கு நிற்கிறவளுக்கு யாராவது விடை சொல்லிக்கொடுப்பார்களா? எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நல்லவளாக இருப்பதில்கூட என்னை முந்திக்கொண்டாள்.

“ரெஸ்டாரன்ட்,” என்றேன். “ரெஸ்டாரன்ட் ஆப்போசிட் பேங்க்.”

மேனேஜரம்மா சிரித்து, கவுண்ட்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார். பசி என்று வருகிறவரைப் படுக்க அனுப்புகிறவளை எப்படி அங்கே உட்காரவைப்பது?

அவளுக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். “கலக்கிட்டீங்கக்கா! அது என்ன வார்த்தை, ரெஸ்டாரன்ட்? எப்ப சொல்லிக்குடுத்தாங்க?”

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை.

“நீ வராத அன்னிக்கு.”

“பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்சுதே, அன்னிக்கா?” சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. “அன்னிக்கு நான் உங்களக் கேட்டேனேக்கா.”

கையை விட்டாள். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். பின்பக்கம் இஸ்திரி மேசைக்குப் போய்விட்டாள்.

வீட்டில் இப்போது என்னிடம் நேராகப் பேசுவதில்லை. “பெரியம்மாகிட்ட சாவி வாங்கிட்டு வா” என்று குழந்தையை அனுப்புகிறாள். கொழுந்தனுக்கோ என் வீட்டுக்காரருக்கோ ஒரு வார்த்தை சொன்னதாகவும் தெரியவில்லை. அதிலும் நல்ல பேர் அவளுக்குத்தான்.

நான் ஏசியில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மத்தியானம் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது: “அக்கா, இங்க ஒரு நிமிஷம் வாங்களேன்!” நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். என் பழைய மேசைக்கு ஒரு புதுப் பொம்பளை வந்திருக்கிறாளே, அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.