நசுங்காத எலுமிச்சம்பழம்

1

இப்போதெல்லாம் யாரும் ஒரு பொருளைக் கண்ணால் பார்ப்பதில்லை. போனைத் தூக்கிப் பிடித்து அதற்குள் பார்க்கிறார்கள். எங்கள் கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு, "பெரியவரே, உள்ள பழைய அமெரிக்கா காரு இருக்குதாமே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்கிறார்கள். வாய் கேட்டு முடிப்பதற்குள் கை எடுத்து முடித்துவிடுகிறது. கேட்டுக்கும் காருக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. சுவரைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஒளித்தேன் என்று நீங்கள் பேசக் கூடாது. என் தம்பி தெய்வசிகாமணி, ஓடாத ஒரு காரை ஓடவைக்க ஆள் வைத்தான். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அவன் காரணமில்லாமல் துரும்பைக்கூட நகர்த்துகிறவன் இல்லை. அவனைப் பிடித்து ஒரு கதைக்குள் போட்டு எழுதினால், உள்ளே இருக்கிற சூது தானாக வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். கதையில் வருகிறவன் எதற்காக ஒன்றைச் செய்கிறான் என்பது எழுதுகிறவனுக்குத் தெரிந்துதானே ஆக வேண்டும்?

(நான் ஐந்தாவதோடு நின்றவன். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு எடைக்கு வண்டி வரிசையில் காத்துக் கிடந்தபோது, கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிறகு எழுதவும் எழுதினேன். சில கதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். திருத்திப் படியுங்கள்.)

2

முதல் தொடக்கம்: ‘மாட்டு வண்டிகள் மட்டுமே கண்ட அந்த ஊருக்குள் பச்சை நிற டாட்ஜ் கார் ஒன்று கம்பீரமாக’

கம்பீரம் என்ற சொல் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அந்தக் கார் ஊருக்குள் வந்த அன்றே வாய்க்கால் மதகில் சிக்கிக்கொண்டது. மாடு பூட்டித்தான் இழுத்தார்கள்.

இரண்டாவது: ‘ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவர்’

இதற்கு மேல் போனால் நான் புத்தி சொல்ல வேண்டி வரும். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகையால் நடந்ததை நடந்தபடி. கரும்புக்கு நல்ல விலை வந்த ஒரு வருஷம் அப்பா சென்னைக்குப் போய் அந்தக் காரை வாங்கி வந்தார். அதன் மூக்கின்மேல் கொம்பு சுருண்ட ஆட்டுக்கடாத் தலை ஒன்று உண்டு. அதனால் ஊரில் அதற்குக் கடா வண்டி என்று பெயர். டாட்ஜ் என்று சொன்னவர் அப்பா ஒருவர்தான். எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை வரை ஓட்டிப் போயிருக்கிறார். பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. நானும் தம்பியும் ஓடைக்கு இறங்கித் தண்ணீர் மொண்டு வந்தோம். (இந்த இடத்தில் அருவி, மூங்கில் காடு எல்லாம் எழுதினேன். அடித்துவிட்டேன். அன்றைக்கு நாங்கள் பார்த்தது அந்தத் தண்ணீர் டின்னை மட்டும்தான்.)

அப்பா போன பிறகு பாகம் பிரித்தோம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அளவுக் கயிறு, கார் நின்ற ஷெட்டின் வாசலை ஒட்டிப் போயிற்று. ஷெட் தம்பி பக்கம். ஷெட்டிலிருந்து ரோட்டுக்குப் போகிற வழி என் பக்கம். கார் யாருக்கு என்று பேச்சு வந்தது. யாருக்கும் மனத்தாங்கல் வரக் கூடாதென்று, கார் தம்பிக்கு, கார்ச் சாவி அண்ணனுக்கு என்று முடித்தார்கள். அப்போதுதான் இருவரும் சேர்ந்து போவார்களாம், சேர்ந்து வருவார்களாம்.

கயிறு போன தடத்தில் நான் சுவர் வைத்தேன். வைக்க எனக்கு உரிமை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

கார் உள்ளே நின்றுவிட்டது. தம்பி பின்பக்கச் சின்னக் கதவு வழியாகத்தான் அதனிடம் போக முடியும். ஆயுத பூஜை அன்று நான் இந்தப் பக்கம் சாவிக்குச் சந்தனம் வைப்பேன். அவன் அந்தப் பக்கம் காருக்குச் சந்தனம் வைப்பான். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பான். வண்டி ஏறிப் பழம் நசுங்கினால்தான் பூஜை நிறைவு என்று உங்களுக்குத் தெரியும். இந்த வண்டி நகராது. பழம் அங்கேயே காய்ந்து கறுக்கும். அடுத்த வருஷம் அதை எடுத்துவிட்டுப் புதுப் பழம். இதெல்லாம் என் பெண்சாதி ராணியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் தெரு சுற்றி அவர்கள் வீட்டுக்குப் போவாள், வருவாள். அவளுக்கு அந்தச் சுவர் ஒரு கணக்கே இல்லை.

3

தம்பிக்குப் போன வருஷம் வாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மகள் அபிநயா ஓசூரில் வேலை பார்க்கிறாள். தை பிறந்ததும் அவனை ஒரேயடியாக அழைத்துப் போகிறாள். வீட்டையும் ஷெட்டையும் விற்கப் போகிறார்கள். இந்த நேரத்தில்தான் அவன் கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தான். ரியாசுதீன் என்று பெயர். ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றான்.

"பெரியவரே, சாவி உங்காண்ட இருக்குதாமே?"

"இருக்குது. இன்னாத்துக்கு?"

"வண்டிக்குத்தான். பீரோவுக்கா கேக்கப் போறேன்?"

"அது ஓடாது."

"ஓடாமத்தான் இருந்துச்சி. இன்ஜின் இறுகிக்கினு இருந்துது. பிளக்கைக் கழட்டி, ஓட்டையில டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஊறப் போட்டேன். இப்ப ஹேண்டில் போட்டா சுத்துது. சீட்டுக்குள்ள எலி குடும்பமே நடத்திக்கினு இருந்துச்சி, காலி பண்ணிட்டேன். பானட்டுதான் பாவம். உங்க தம்பி வருசா வருசம் வெச்ச சந்தனம் பட்டை பட்டையா பெயிண்டைத் தின்னுடுச்சி. சாமி கும்புட்டே துரு ஏத்திட்டாரு மனுசன்."

"சாவி இல்லாம ஸ்டார்ட் பண்ண முடியாதா?"

"ஏன் முடியாது? ரெண்டு ஒயரைச் சேத்தா தீந்துச்சி. நான் சொல்லிட்டேன். அவருதான், அண்ணன் சாவி குடுக்கட்டும், அதுவரைக்கும் நிக்கட்டும்னுட்டாரு."

பார்த்தீர்களா? எனக்கு அங்கேதான் தட்டியது. முதலில் சாவி. பிறகு ஸ்டார்ட். ஸ்டார்ட் ஆன வண்டி சும்மா நிற்குமா? வெளியே வர வழி கேட்கும். வழிக்குக் குறுக்கே என் சுவர். சுவரில் ஒரு தரம் வழி திறந்து விட்டால் அது பாதை. ஷெட்டை வாங்குகிறவன் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து, இது காலங்காலமாக இருந்த பாதை என்பான்.

"குடுக்க முடியாதுன்னு போய்ச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன். நடுவுல ஒத்தைச் செவுருதானே இருக்குது?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

4

அன்றே எழுதினேன்: ‘தம்பியின் கண்களில் பாதையின் மீதான பேராசை மின்னியது.’

ராணியம்மாள் ஒன்பதாவது வரை படித்தவள். நான் எழுதுவதையெல்லாம் கேட்காமலே எடுத்துப் படிப்பாள்.

"அவரு கண்ணை நீங்க எப்பப் பாத்தீங்க?"

அந்த வரியை அடித்தேன்.

"ஓசூருக்குப் போறவரு பாதையைச் சுருட்டி எடுத்துக்கினா போவப் போறாரு?"

"பாதை இருந்தா மனை ஜாஸ்தி வெலைக்குப் போவும். உனக்கு இன்னா தெரியும்?"

"அப்ப அதையே எழுதுங்க. எழுதிட்டு நீங்களே ஒருக்கா படிங்க."

எழுதினேன். காகிதத்தில் அது நிற்கவில்லை. பாதைக்கு ஆசைப்படுகிறவன் பாதையைக் கேட்பான், அல்லது ஆள் வைத்து அளப்பான். அசையாத கையை மடியில் போட்டுக்கொண்டு, எலி நாற்றத்தில், செத்த காருக்குள் தினமும் போய் உட்கார மாட்டான். (உட்காருகிறான் என்று ராணியம்மாள் வந்து சொன்னாள்.) காரை மட்டும் கேட்டு வந்தவர்களையும் அவன் திருப்பி அனுப்பியிருக்கிறான். எந்தக் காரணத்தை அவன் வாயில் வைத்தாலும் வேறு யாரோ பேசுவது போல இருந்தது.*

* காகிதத்தில் நிற்கவில்லை என்பதால் அது பொய்யாகிவிடாது. எனக்கு எழுத வராமலும் இருக்கலாம்.

5

மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு அந்தச் சத்தம். சுவருக்கு மேலே நீலப் புகை எழும்பியது. மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது.

அரைஞாண் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

தம்பி மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. சாவி இல்லாமல் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் நடிப்பு. என் கதைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தெருவைச் சுற்றிக்கொண்டு போய், பின்பக்கக் கதவைத் தள்ளி ஷெட்டுக்குள் நுழைந்தேன். சுவர் வைத்த பிறகு அதுதான் முதல் தரம்.

ரியாசுதீன் பானட்டைத் தூக்கி, பெட்ரோல் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். தம்பி ஸ்டீரிங் முன்னால். நல்ல கை ஸ்டீரிங் மேல். இளைத்திருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"சாவி இல்லாம வேணாம்னியாமே. இது இன்னா?"

"நீ குடுக்கலையே அண்ணா."

"அதுக்கு?"

"சத்தம் கேட்டா நீ வருவேன்னு நெனச்சேன். வந்துட்ட."

"பேசறதைச் சட்டுனு பேசுங்க பெரியவரே," என்றான் ரியாசுதீன். "டேங்க்கு ஓட்டை. பாட்டில்லதான் ஓடிக்கினு இருக்குது."

தம்பி முன்னால் காட்டினான். கடாத் தலைக்கு எதிரே என் சுவரின் முதுகு. பூசாத செங்கல்.

"செவுத்த இடின்னு நான் கேக்கல. நடுவுல ஒரு மொழம் எடம் இருக்குது. ஒரே மொழம் நவுந்தாப் போதும். பழம் நசுங்கட்டும். அப்புறம் நான் ஓசூர் போறேன்."

"நவுத்து. என்னை எதுக்குக் கேக்கற?"

"கால் வரலை. கிளட்சு அமுக்கணும். நீ இப்பிடி ஒக்காந்தா உன் கால் எட்டும்."

எட்டும். முன் சீட்டு ஒரே பெஞ்சு. இடது பக்கம் உட்கார்ந்தால் கிளட்சு பக்கத்திலேயே இருக்கிறது.

"ரியாசு அமுக்கட்டுமே."

"அவங்கப்பன் வண்டியா இது?"

"அதைச் சொல்லுங்க," என்றான் ரியாசுதீன். "எங்கப்பன் டிவிஎஸ் ஃபிஃப்டிதான் வெச்சிருந்தாரு."

"பிரேக்கு எப்பிடி?" என்று அவனைக் கேட்டேன்.

அவன் தம்பியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "பாதி புடிக்குது."

என் சுவர் மண் சாந்தில் வைத்தது.

6

இந்த இடத்தில் கதைக்கு மூன்று முடிவு வைத்திருக்கிறேன்.

ஒன்று: நான் ஏறி உட்காருகிறேன். கிளட்சை அமுக்கி மெல்ல விடுகிறேன். பழம் நசுங்குகிறது. கடாத் தலை சுவருக்கு விரற்கடை தள்ளி நின்றுவிடுகிறது. இருவரும் கண் கலங்கி (ராணியம்மாள் இதைப் படித்துவிட்டு, "உங்களுக்குக் கண்ணு கலங்குமா? வெங்காயம் உரிச்சாக்கூடக் கலங்காதே" என்றாள்.)

இரண்டு: பிரேக் பிடிக்கவில்லை. சுவர் விழுகிறது. தை முடிவதற்குள் மனையை வாங்கினவன் அந்தச் சந்து வழியாக டிராக்டர் ஓட்டுகிறான். இந்த முடிவைத்தான் நான் நிறுத்தி நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். இதில் நான் சொன்னதெல்லாம் சரியாக வருகிறது.

மூன்று: யாரும் எதுவும் செய்யவில்லை. பாட்டிலில் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக அடங்குகிறது.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று இருக்கிறது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இங்கே வைக்கிறேன். சக்கரத்துக்கடியில் பழம் நிஜமாகவே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். நாலு பழமும் புதிதாக, மஞ்சளாக இருந்தன. ஷெட்டின் மூலையில் ஒரு கூடை இருந்தது. கூடை நிறையக் கறுப்பாக, கோலிக்குண்டு போலச் சுருங்கினவை. ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். உள்ளே விதை உருண்டது.

"இதெல்லாம் எதுக்கு வெச்சிக்கினு இருக்க?"

"நசுங்காத பழத்த எப்பிடி அண்ணா தூக்கிப் போடறது?"

என் கதையில் வருகிற தம்பி இதைச் சொல்ல மாட்டான். அவனுக்கு நான் கொடுத்த புத்திக்கு இது வராது. இவன் சொன்னான். ஒருவேளை இதுவும் யோசித்து வைத்திருந்ததாக இருக்கலாம். கூடையை என் கண்ணில் படும்படி வைத்ததுகூட.

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தேன். இடது பக்கச் சீட்டில், நான் உட்கார வேண்டிய இடத்தில் வைத்தேன்.

"அண்ணா, கிளட்சு?"

பின்பக்கக் கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. கதையில் நான் இன்னும் தெருவில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். பழம் நசுங்கியதா, சுவர் நிற்கிறதா என்பதெல்லாம் வீட்டுக்குப் போனால்தானே தெரியும். அந்த வரிக்கு நான் போகப் போவதில்லை.

உங்களுக்கு அவன்மேல் நம்பிக்கை வந்திருந்தால் பின்பக்கக் கதவு திறந்துதான் இருக்கிறது. பாட்டிலில் இன்னும் கொஞ்சம் இருக்கும். சாவியை நகர்த்திவிட்டு உட்காருங்கள். கால் எட்டும்.

எனக்கு அந்த நம்பிக்கை இன்னும் வரவில்லை. நான் போகிறேன்.